தறி வீட்டுக் குப்பையும் கரண்ட் பில்லும்: ஆரணிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆரணியில் பட்டு நெய்கிற வீடுகளில் ஜரிகைத் துண்டைக் குப்பையில் போடும் வழக்கம் இல்லை. புடவையை அறுத்து இறக்கும்போது மிஞ்சுகிற சாண் நீளத் துண்டுகூட ஒரு டப்பாவுக்குள் போய்விடும். டப்பா நிறைந்ததும் வியாபாரி வருவார், எடை போடுவார், காசு கொடுப்பார். பட்டுநூல் கழிவு தனிப் பையில் சேரும். இரண்டையும் கலந்துவிட்டால் இரண்டுக்கும் விலை போய்விடும் என்பது தார் சுற்றுகிற பாட்டிக்குக்கூடத் தெரியும். அதே வீட்டின் அடுக்களையில் வாழைக்காய்த் தோலும் பால் கவரும் மாத்திரை அட்டையும் தீர்ந்துபோன பேட்டரி செல்லும் ஒரே வாளியில் விழுந்து தெருமுனைக்குப் போகின்றன.

ஜரிகைக்குக் கொடுக்கிற மரியாதையை மற்றவற்றுக்கும் கொடுங்கள் என்பதே நான் சொல்ல வருவது. கலந்த பிறகு குப்பையைப் பிரிக்க எந்த இயந்திரத்தாலும் சுலபமாக முடியாது. கலப்பதற்கு முன் பிரிக்க ஒரு கை போதும். மின்சாரமும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மொத்தத் தொகையாகப் பார்த்தால் அது விதி மாதிரித் தெரியும். எந்த விசிறி, எந்த மோட்டார், எந்த விளக்கு எவ்வளவு குடிக்கிறது என்று தனித்தனியாகப் பார்த்தால்தான் அது நம் கைக்கு வரும்.

ஆரணி நகரம், சேவூர், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று தறி ஓடும் ஊர்களில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சாயப்பட்டறை, அரிசி ஆலை, பட்டுக்கடை நடத்துபவர்களுக்கும் தனிப் பகுதிகள் உண்டு.

முதல் படி: ஒரு வாரம் பாருங்கள், எதையும் வாங்காதீர்கள்

வண்ண வண்ணக் குப்பைத் தொட்டிகளை வாங்குவதிலிருந்து தொடங்காதீர்கள். வீட்டில் இருக்கும் பழைய வாளி இரண்டும் ஒரு சாக்கும் போதும். ஒரு வாளியில் மக்குவது, சாக்கில் உலர்ந்த மக்காதது, இன்னொரு வாளியில் நாப்கின், டயப்பர், மருந்து, பேட்டரி போன்ற கவனமாகக் கையாள வேண்டியவை. குப்பையைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது.

ஒரு வாரம் இப்படிச் சேர்த்து, வார முடிவில் எது அதிகம் என்று தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் எடையில் முந்துவது அடுக்களைக் கழிவு, இடத்தை அடைப்பது பிளாஸ்டிக் கவர். தறி வீடுகளில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். பட்டும் பாலியெஸ்டரும் சிக்கிக்கொண்ட நூல் பந்து அது.

தறியடியில்: பட்டு, ஜரிகை, பாலியெஸ்டர்

பெரும்பாலான ஊர்களில் இல்லாத கழிவு இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாவு தீரும்போது பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளைப் பிணைக்கிறோம். அதில் அறுந்து விழுவது, தார்க்குச்சியில் மிஞ்சுவது, கோர்வையில் வெட்டி எடுப்பது எல்லாமே கழிவு நூல். நல்ல பட்டாக இருந்தால் இதை வாங்கிப் போக ஆள் உண்டு. ஒரு காலத்தில் தறியில் பட்டும் அசல் ஜரிகையும்தான் இருந்தன. இன்று பாலியெஸ்டர் இழையும் வெள்ளியே இல்லாத ஜரிகையும் அதே தறியில் ஏறுகின்றன. கலப்பு அங்கேதான் தொடங்குகிறது.

தறிக்குப் பக்கத்தில் மூன்று டப்பா வையுங்கள். சந்தேகமான இழை கையில் வந்தால் ஒரு அங்குலம் எடுத்து இடுக்கியில் பிடித்து, தறியிலிருந்து விலகிப்போய் தீக்குச்சி காட்டுங்கள். பட்டு முடி கருகும் வாடையோடு எரியும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகும், நுனியில் கெட்டியான கறுப்பு மணி திரளும், நசுங்காது. ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அசல் ஜரிகை என்றால் வெள்ளிக் கம்பிக்கு அடியில் சிவப்புச் சாயமிட்ட பட்டு இழை தெரியும். சுரண்டினால் வெள்ளையாகப் பளபளக்கிற இழை தெரிந்தால் அது பெரும்பாலும் பாலியெஸ்டர் மேல் சுற்றியது. வெள்ளி விலைக்குப் போகாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஜரிகையை எரித்து, நைட்ரிக் அமிலத்தில் போட்டு வெள்ளி பிரிக்கும் வேலையை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அப்போது கிளம்புகிற பழுப்புப் புகை நுரையீரலைப் புண்ணாக்கும். சில சமயம் மூச்சுத்திணறல் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் நிலைமை கைமீறிவிடும். எரிக்காமல் விற்றால் விலை சற்றுக் குறையலாம், அந்தக் குறைவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பட்டுப் புடவையைத் தெருவில் வருகிறவரிடம் அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள். அவர் கணக்கு ஜரிகையின் வெள்ளியில் இருக்கிறது, துணிக்கு அதில் மதிப்பே இல்லை. உடல் நைந்து முந்தியும் கரையும் நன்றாக இருந்தால் அவற்றைப் பெண்குழந்தையின் பாவாடைக்கோ ரவிக்கைக்கோ வைத்துத் தைக்கலாம். மடிப்பில் மட்டும் கிழிந்திருந்தால் ரஃபு போடுபவரிடம் காட்டுங்கள். நெய்தவர் ஊரிலேயே நெய்ததற்கு மதிப்பு இல்லாமல் போவது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

ஜக்கார்டு அட்டைகளை மாற்றும்போது கோத்திருக்கும் கயிற்றை உருவிவிட்டுப் பழைய பேப்பர் கடைக்குக் கொடுங்கள். கயிற்றோடு போனால் விலை குறையும். நூல் சுற்றி வரும் பிளாஸ்டிக் கூம்புகளை உடைக்காமல் சேர்த்து நூல் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

அடுக்களை: ஒரு மண்பானை போதும்

அடியில் நாலைந்து ஓட்டை போட்ட பழைய பானையை மொட்டை மாடியிலோ கொல்லையிலோ செங்கல்மேல் வையுங்கள். அடியில் காய்ந்த இலை. அன்றாடம் காய்கறித் தோல், டீத்தூள், பழத்தோல் போட்டு அதன்மேல் ஒன்றரை இரண்டு மடங்கு காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ தூவுங்கள். வாரம் ஒருமுறை கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, சருகு போடுங்கள். எறும்பு வந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். பானை நிறைந்த பிறகு ஒன்றரை இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு எரு தயார்.

ஆரணியிலும் களம்பூரிலும் உமி தாராளமாகக் கிடைக்கிறதே, அதையே போடலாமா என்று கேட்பார்கள். கொஞ்சம் போடலாம், ஈரத்தை வாங்கிக்கொள்ளும், காற்றோட்டம் தரும். ஆனால் உமியில் மணல்சத்து அதிகம், மக்க வெகுநாள் ஆகும். சருகுக்குப் பதிலாக உமியை மட்டும் நம்பினால் பானையில் உமிதான் மிஞ்சும்.

கழுநீரையும் சோற்றுக் கஞ்சியையும் மாட்டுக்கு வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கும் தெருவில் நீங்கள் இருந்தால், பானைகூடப் பாதிதான் நிறையும்.

மறுபடி பயன்படுத்தக் கூடாதவை

மறுசுழற்சி பற்றி எழுதுபவர்கள் எதையும் வீசாதே என்றே சொல்லிக்கொண்டு போவார்கள். நெசவும் சாயமும் இருக்கிற ஊரில் அது ஆபத்தான அறிவுரை.

சாயமோ அமிலமோ வந்த பிளாஸ்டிக் கேன், டிரம் எதையும் குடிதண்ணீருக்கோ சமையல் தண்ணீருக்கோ பயன்படுத்தாதீர்கள். பத்து முறை கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சிய ரசாயனம் முழுதாகப் போகாது. மாட்டுத் தண்ணீருக்கும் வேண்டாம். அதே பட்டறையில் அதே சரக்குக்கே திரும்ப நிரப்புங்கள், இல்லையென்றால் விற்றவரிடம் திருப்புங்கள். வேறு வழியே இல்லையென்றால் யாரும் எடுத்துப் புழங்காதபடி வெட்டிவிட்டுக் காயலான் கடைக்குக் கொடுங்கள், என்ன இருந்தது என்றும் சொல்லிவிடுங்கள்.

டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் பழைய அட்டைப் பெட்டியில் வைத்துத் தனியாகக் கொடுங்கள். உடைந்துவிட்டால் சன்னலைத் திறந்து, கொஞ்ச நேரம் வெளியே போய் நின்று, பிறகு அட்டையால் வாரி மூடிய டப்பாவில் போடுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைக் கடையில் கொடுத்தே புதியது வாங்குங்கள், பழையதற்கு விலை கழிப்பார்கள். அதைத் திறந்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் விற்பது தெரு முழுவதற்கும் நஞ்சு வைப்பது. செம்புக்காக வயரை எரிப்பதும் அப்படியே. வயரின் மேலுறை பெரும்பாலும் பி.வி.சி.; அது எரியும்போது டையாக்சின் உண்டாகிறது.

போகிப் பண்டிகையை இங்கேதான் சொல்ல வேண்டும். பழையன கழிதல் என்று தொடங்கியபோது எரிந்தவை ஓலையும் பாயும் துடைப்பமும். இன்று வீட்டில் கழிபவை நைலான் பாய், டயர், பிளாஸ்டிக் குடம், பாலியெஸ்டர் துணி. அவற்றை முந்தின வாரமே பிரித்து எடைக்குப் போடுங்கள், பண்டிகைக்குக் காய்ந்த மட்டையும் வறட்டியும் வையுங்கள்.

நாப்கினைப் பேப்பரில் சுற்றி, சிவப்புக் குறி போட்டுக் கொடுங்கள். வண்டி தள்ளி வரும் தூய்மைப் பணியாளர் கையுறை போட்டிருக்கிறாரா இல்லையா என்பது நம் கையில் இல்லை. அவர் கை எதைத் தொடுகிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது. உடைந்த கண்ணாடிக்கும் பிளேடுக்கும் இதே கவனம் வேண்டும்.

மீட்டரைப் படியுங்கள்

ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இது தெரிந்தால் மற்ற கணக்கெல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டர் எண்ணைக் காலண்டரில் குறியுங்கள், அடுத்த ஞாயிறு மறுபடி குறியுங்கள். நான்கு வாரத்தில் உங்கள் வீட்டின் நடை தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரம் 2023-ல் 200 யூனிட்டிலிருந்து 300 ஆகவும், விசைத்தறிக்கு 750-லிருந்து 1,000 ஆகவும் உயர்ந்தது. தறி இருந்தும் வீட்டு இணைப்புக் கணக்கிலேயே பில் கட்டிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் கூட்டுறவுச் சங்கத்திலும் மின்வாரிய அலுவலகத்திலும் இதை விசாரியுங்கள்.

பலர் கவனிக்காத இடம் 500 யூனிட் எல்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500-க்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 501-ஐத் தொட்டவருக்கு அந்தச் சலுகைப் படி மறைந்து, 101-லிருந்தே 4.50 ரூபாய். ஒரே ஒரு யூனிட் தாண்டியதற்கு 225 ரூபாய் கூடியது, 501-ஆவது யூனிட்டின் விலை அதற்கு மேல். பிறகு கட்டணம் மாறினாலும் இந்தப் படியமைப்பு போகவில்லை. 480, 490 என்று போகிற வீடு கடைசி வாரத்தில் மீட்டரைப் பார்த்து நடந்தாலே நல்ல பணம் மிஞ்சும்.

எங்கே போகிறது என்று பார்ப்போம். சாதாரண மின்விசிறி 75 வாட். நாளுக்கு 16 மணி நேரம், 60 நாள் என்றால் 72 யூனிட். பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும், 29 யூனிட்டில் முடியும். செட்-டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்துக்கொண்டு இரவும் பகலும் கிடந்தால் இரு மாதத்தில் 14 யூனிட். டிவியை ரிமோட்டில் மட்டும் அணைக்கிறவர் அதற்குக் காசு கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீரில் மின்சாரமும் வழிகிறது.

குளிர்சாதனப் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள், சுலபமாக உருவினால் ரப்பர் பட்டை மாற்ற வேண்டிய நேரம். அரிசியை அரைமணி ஊறவைத்து குக்கரில் ஏற்றினால் எரிவாயு மிஞ்சும்.

தறிக்கு வெளிச்சம்

குழித்தறி பெரும்பாலும் வீட்டின் இருட்டான அறையில்தான் இருக்கும். முதல் செலவு சுண்ணாம்புக்கு. சுவர் வெள்ளையானால் இருக்கிற வெளிச்சம் இரண்டு மடங்காக உழைக்கும். ஓட்டு வீடு என்றால் தறிக்கு மேலே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு மாற்றுங்கள். பகலில் விளக்கே வேண்டியிருக்காது. வெயில் நேராகப் பாவில் விழாதபடி சற்று வடக்குப் பக்கம் வையுங்கள், வெயில் பட்டால் சாயம் வெளுக்கும்.

விளக்கு வாங்கும்போது பழைய 40 வாட் குழல்விளக்கு சோக்கோடு சேர்த்து 50 வாட்டைத் தாண்டும், 20 வாட் எல்.இ.டி. குழல் அதே வெளிச்சம் தரும் என்பது பலருக்குத் தெரியும். அந்தக் குழலைக் கூரையில் மாட்டாமல் தறிக்கு மேல் தாழத் தொங்கவிட வேண்டும் என்பதுதான் விட்டுப்போகிறது. தூரம் பாதியானால் பாவின்மேல் விழும் வெளிச்சம் இரட்டிப்புக்குக் குறையாது. பிறகு இரண்டாவது விளக்கு தேவைப்படாது.

வாட்டைக் குறைக்கிறேன் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மலிவான எல்.இ.டி.யில் அரக்கும் கருஞ்சிவப்பும் ஒன்றுபோல் தெரியும், மயில்கழுத்து நிறம் செத்துப்போகும். நிறத்தை உள்ளபடி காட்டுவதற்கான அளவு சி.ஆர்.ஐ.; பெட்டியில் அது 90 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கூடக் கொடுக்கிற ரூபாயை நிறம் தவறித் திரும்பாத ஒரு புடவை மீட்டுவிடும்.

சாயப்பட்டறையில் வெப்பமும் தண்ணீரும்

கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 30 சதவீதம் செரிசின் என்கிற பசை. சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து அதை எடுக்கிறோம், பிறகு கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சாயம் ஏற்றுகிறோம். இரண்டு வேலையும் வெந்நீர் வேலை. 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுவர 7 யூனிட் அளவு வெப்பம் வேண்டும். திறந்த விறகடுப்பில் அதைப்போலப் பல மடங்கு வெப்பத்தை எரித்தால்தான் இந்த ஏழு தண்ணீரில் இறங்கும், மிச்சம் புகையாகவும் அனலாகவும் சாயக்காரர் முகத்தில் அடிக்கும்.

செய்ய வேண்டியவை வரிசைப்படி: அண்டாவுக்கு மூடி போடுங்கள். அடுப்பைச் சுற்றி மண்சுவர் எழுப்பி, காற்றுக்கு வழியும் புகைக்குக் குழாயும் விடுங்கள். பச்சை விறகு எரிக்காதீர்கள், அதன் சூட்டில் ஒரு பகுதி விறகிலிருக்கும் தண்ணீரையே ஆவியாக்கப் போகும். ஒரு கோடை முழுக்கக் கொட்டகையில் காயவைத்ததை எடுங்கள். கையில் பணம் இருந்தால் மாடியில் சூரிய வெந்நீர்க் கலன். அது 60 டிகிரிக்குத் தந்துவிட்டால் அடுப்பின் வேலை பாதியாகிவிடும். இந்த ஊர் வெயிலுக்கு ஆண்டின் பெரும்பகுதி அது தரும்.

தண்ணீரை மிச்சப்படுத்த, வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போங்கள். ஒரே நிற ஆர்டர்களை ஒரே நாளில் சேர்த்துப் போடுங்கள். அமிலச் சாயத்தில் கடைசியில் அமிலத்தைச் சிறுகச் சிறுக விட்டு, சாயநீர் தெளியும்வரை பொறுங்கள். தெளிந்தால் சாயம் நூலில் ஏறிவிட்டது என்று பொருள். அந்த வெந்நீரிலேயே அதே நிறத்தின் அடுத்த கட்டு இறங்கலாம். நிறத்தோடு சாக்கடையில் விடுகிற ஒவ்வொரு அண்டாவும் காசு கொடுத்து வாங்கிய சாயம். கடைசியாக அலசிய தண்ணீரை அடுத்த கட்டின் முதல் அலசலுக்கு வையுங்கள்.

பசை நீக்கிய தண்ணீரில் நிறமில்லை என்பதால் தீங்கில்லை என்று நினைக்க வேண்டாம். அதிலுள்ள புரதம் அழுகும்போது நீரின் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். நம் ஊர் ஆறான கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. மணலில் இறங்குவதெல்லாம் கிணற்றில் வரும். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வேலூர் மாவட்டக் கிணறுகள் அதற்கு முன்பே உவர்த்துவிட்டன. தனித்தனிப் பட்டறையால் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. பட்டறைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து பொதுச் சுத்திகரிப்பைக் கேட்க வேண்டும். அதுவரை தண்ணீரைக் குறைப்பதுதான் கையில் இருக்கிற மருந்து.

எரிபொருள் விஷயத்தில் அரிசி ஆலைகள் ஒரு படி முன்னே இருக்கின்றன. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அதையே எரித்து நெல்லை அவிக்கிறார்கள். ஆனால் உமிச்சாம்பல் தெருவில் பறக்கிறது. மூடிய தொட்டியில் இறக்கி, ஈரம் தெளித்து, செங்கல் சூளைக்கும் சிமெண்ட் தொழிலுக்கும் அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற துணிக்கும் அங்கே இருக்கிற குழந்தையின் மூச்சுக்கும் அது நல்லது.

பட்டுக்கடையும் அலுவலகமும்

இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். ஏ.சி.யை 24 டிகிரியில் வைத்து விசிறியை மெல்ல ஓடவிடுங்கள். கண்ணாடிக் கதவு சும்மா திறந்து கிடக்கக் கூடாது. காட்சிப் பெட்டியின் சூடான ஹாலஜன் விளக்கை மாற்றுங்கள், அது மின்சாரத்தையும் தின்று பட்டையும் வாட்டுகிறது. புடவைக்குப் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் அட்டைப் பெட்டி, அதன்மேல் கேரிபேக் என்று மூன்று உறை வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. பட்டுக்கு மெல்லிய பருத்தித் துணி உறைதான் எப்போதும் நல்லது, பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கி ஜரிகை கறுக்கும். இதை வாடிக்கையாளரிடம் சொல்லியே கொடுங்கள், அவர் மறுக்கமாட்டார்.

சூரியத் தகடு போடலாமா?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம் உண்டு. ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது.

இரு மாதத்துக்கு 100, 150 யூனிட் செலவாகும் வீட்டுக்கு இது வேண்டாம். நீங்கள் கட்டுகிற பில் சின்னது, கடன் வாங்கிப் போட்டால் முதல் திரும்ப வெகுகாலம் ஆகும். அந்தப் பணத்தை விசிறிக்கும் கண்ணாடி ஓட்டுக்கும் செலவிடுங்கள். 500-ஐத் தாண்டுகிற வீடு, ஏ.சி. ஓடுகிற வீடு என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டுமே. கடையும் ஆலையும் முழு விலை கொடுக்க வேண்டும், ஆனால் அவற்றுக்கு யூனிட் விலையும் கூடுதல், வேலையும் பகலில்தான், அதனால் மானியமின்றியும் கட்டுப்படியாகலாம். எதுவானாலும் முதலில் மேலே சொன்ன சிக்கனங்களைச் செய்துவிட்டு, குறைந்த யூனிட்டை வைத்துத் தகட்டின் அளவை முடிவு செய்யுங்கள். மூன்று கிலோவாட் தேவைப்பட்ட வீட்டுக்கு இரண்டு போதும் என்று ஆகலாம். தகடு போட்ட பிறகு நெல் தூசியும் உமிச்சாம்பலும் படிகிற ஊர் என்பதை நினைவில் வைத்து, வாரம் ஒருமுறை அதிகாலையில், கண்ணாடி சூடேறும் முன், மென்மையான துணியால் துடைத்துவிடுங்கள்.